சின்ன லீவர்

"நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்பர் கேஸ்ல ஆயில் மறுபடியும் கருகிடுச்சு," என்றார் மெக்கானிக் தசரதன், பிக்கப்பின் அடியிலிருந்து. "தார் ரோட்டுலயும் நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டு ஓட்டியிருக்கீங்க. பாருங்க, கியருக்குப் பக்கத்துல இருக்கற சின்ன லீவர் பின்னாடிதான் இருக்கு. பின்னாடி இழுத்தா நாலு சக்கரமும் இழுக்கும்."

"அண்ணாமலையாரு மேல சத்தியமா அதை நான் தொட்டதே இல்லீங்க!" என்றான் டிரைவர் புகழேந்தி.

"ஓட்டறது நீ மட்டும்தானே? நாளையிலருந்து வேலைக்கு வராத," என்றார் முதலாளி சகாதேவன்.

புகழேந்திக்கு ஒன்றுமே புரியவில்லை. தசரதன் புது ஆயில் ஊற்றி, லீவரை முன்னால் தள்ளி வைத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. சகாதேவன் வழக்கம்போல வண்டியில் ஏறி ஸ்டியரிங்குக்கு விபூதி பூசினார். பிறகு சின்ன லீவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"அண்ணே, அதை ஏன் இழுக்கறீங்க?" என்று பதறினார் தசரதன்.

"வாரா வாரம் இப்படித்தாம்பா. இழுத்து வெச்சாதான் இந்த லீவர் தலையில விபூதிப் பட்டை நேரா விழுது."