சார்ந்திருப்பவை

எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரைப் புதுக் கணினியில் நிறுவ முடியாமல் பர்வீன் இரண்டு நாளாகத் திணறிக்கொண்டிருந்தாள். அதற்குத் தேவையான துணை மென்பொருள் பொதிகளில் ஒன்று மட்டும் ஏற மறுத்தது. அருள்வளன் என்பவர் எழுதி இலவசமாகத் தந்திருந்த சின்னப் பொதி. புது இயங்குதளத்துக்கு ஏற்ப அவர் அதைத் திருத்தவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வராததால், அவருடைய இணையப் பக்கத்திலிருந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்தவர் அருள்வளனின் அப்பா. "பையன் மார்ச் மாசம் தவறிட்டாம்மா" என்றார், விலாசம் சொல்வதுபோல. "என்ன விஷயம்?"

பர்வீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எப்பப் பாத்தாலும் அதையேதான் தட்டிக்கிட்டிருப்பான். வெட்டி வேலைன்னு திட்டுவேன். அது இல்லாம உங்க வேலை நடக்காதா?"

"எனக்கு மட்டும் இல்லங்கய்யா. இந்தக் கம்பைலரை இன்ஸ்டால் பண்ற எல்லாருக்கும் அது வேணும். எந்தெந்த நாட்டுலயோ இருக்காங்க."

மறுமுனையில் எங்கோ குக்கர் விசிலடித்தது. வைத்துவிடலாமா என்று அவள் யோசித்தபோது, "கொஞ்சம் இரும்மா" என்றார். "இதை அவங்கம்மாகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

கைமாறிய போனில் மூச்சு மட்டும் கேட்டது. கம்பைலர் என்றால் என்ன என்பதிலிருந்து பர்வீன் சொல்லத் தொடங்கினாள்.