கழன்ற வயர்

டமார் என்று மேடை ஓரத்தில் வாணம் வெடித்ததும் செல்வின் துள்ளிப் பின்வாங்கினான். காலில் சிக்கிய வயர் அவனுடைய பேஸ் கிடாரிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. காதில் மாட்டியிருந்த இயர்போனில் அவன் வாசிப்பு பொசுக்கென்று அடங்கிப்போனது.

போச்சு, பாட்டு படுத்துவிடும் என்று பதறினான். பெரிய ராக் பாடகர்களோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதுதான் அவன் பிழைப்பு. இரண்டு வாரத்துக்கு முன் மனைவியின் பிரசவத்துக்கு லீவு கேட்டபோதுகூட, "நீ இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்டா" என்று தோளில் கைபோட்டுத் தடுத்துவிட்டார் பாடகர் ஆத்ரேயா. பிறந்த மகளை அவன் இன்னும் செல்போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் எதிரே இருபதாயிரம் பேர் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். செல்வின் இயர்போனைக் கழற்றினான். ஆளுயர ஸ்பீக்கர்களில் பேஸ் முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு சுரம் தப்பவில்லை. கடைசியில் லேசாகச் சுண்டி இழுப்பது உட்பட எல்லாம் அவன் பாணி. அவன் விரல்களோ தந்தியைத் தொடவே இல்லை.

மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த சவுண்ட் எஞ்சினியர் இக்பாலிடம் ஓடினான்.

"அண்ணே, வயர் கீழ கிடக்கு! அங்க யாருண்ணே வாசிக்கிறது?"

"கத்தாதடா, நீதான். முத ஷோல பின்னி எடுத்தியே, அத ரெக்கார்ட் பண்ணி ஒரு மாசமா எல்லா ஊர்லயும் அதையே ஓட்டச் சொல்லியிருக்காரு ஆத்ரேயா சார்."