பதினேழாம் கட்டம்

கோயில் வாசலில் செருப்புக் காப்பகம் நடத்தும் முத்துப்பேச்சியின் முன்னால், பரீட்சைக்குக் கிளம்பிய மகள் அபர்ணா வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"வயித்துக்குள்ள பயம் உருளுதும்மா. படிச்சதெல்லாம் மறந்துரும் போல இருக்கு."

வருகிறவர்களிடம் நீட்டுவதுபோலவே முத்துப்பேச்சி இரண்டு கைகளையும் நீட்டினாள். "அத இங்கன குடு. நீ வார வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

அபர்ணா தயங்கி, வெறுங்கையை அந்தக் கைகளில் கவிழ்த்தாள். முத்துப்பேச்சி அதைப் பதமாக ஏந்திப் போய்ப் பதினேழாம் கட்டத்தில் வைத்துவிட்டு, பதினேழு என்று பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுத்தாள். மகள் அதை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கட்டங்கள் நிறைந்து, செருப்புகளைத் தரையில் அடுக்க வேண்டியதாயிற்று.

"அந்தக் கட்டம் சும்மாதான கெடக்கு?" என்றார் ஒருவர்.

"அதுல பொருள் இருக்கு அண்ணாச்சி."

மதியம் அபர்ணா திரும்பி வந்தாள். எப்படி எழுதினாய் என்று முத்துப்பேச்சி கேட்கவில்லை.

"டோக்கன் எங்கட்டி?"

அபர்ணா ஜாமெட்ரி பாக்ஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். உள்ளே பித்தளை உருளும் சத்தம் கேட்டது.

"தொலஞ்சு போச்சும்மா."

முத்துப்பேச்சி பதினேழாம் கட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"டோக்கன் இல்லாம பொருளத் தர மாட்டோம், பாத்துக்க."