வாபஸ் கடுதாசி

"எங்க பகுதியை மட்டும் ஏன் சார் ஒதுக்கினீங்க?"

விவசாய சங்கத் தலைவர் மேசையைத் தட்டிக் கேட்டார். பின்னால் நின்ற ஏழு பேரும் "அதானே!" என்றார்கள்.

நீர்ப்பாசன ஆபீஸ் என்ஜினீயர் சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார். சுவரில் புதுக் கால்வாயின் வரைபடம் தொங்கியது. நீலக்கோடு ஒழுங்காக வந்து, இவர்கள் நிலத்துக்கு இரண்டு மைல் முன்னால் சட்டென்று வடக்கே திரும்பியிருந்தது.

"இனிமே முப்பது நாப்பது வருஷத்துக்கு இந்தக் கால்வாய்தான் சார் சோறு போடப் போகுது. இதை விட்டா என் பிள்ளைங்க நிலத்தை வித்துட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் எலுமிச்சைத் தோட்டக்காரர். அவர் தோட்டத்தில் பாதி மரம் காய்ந்துவிட்டது. மீதி யோசித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் ஒரு பொம்பளையால வந்த வினை சார்," என்றார் மோட்டார் மெக்கானிக். அவருக்கும் இரண்டு ஏக்கர் உண்டு. "ஊரே கிணத்துல தண்ணி இருக்குன்னு சொன்னப்போ இவ ஒருத்தி மட்டும் இல்லேன்னா. அது போதாதுன்னு எங்க மேல புகார் வேற எழுதிப் போட்டா. அந்தக் கடுப்புலதானே எங்களை விட்டுட்டீங்க?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பொம்பளை அவருடைய கூடப்பிறந்த தங்கை. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"என்ன புகார்னு தெரியுமா?" என்றார் என்ஜினீயர்.

தெரியாமல் என்ன? மூன்று வருஷத்துக்கு முன்னால் கிணறுகளை அளக்க ஆட்கள் வந்தார்கள். கிணறு வற்றிவிட்டதாகப் பதிவானால் புதிதாக போர்வெல் போட அனுமதி கிடையாது. அதனால் அளக்கிற அன்று காலையில் ஆளுக்கு நாலு லாரித் தண்ணீரைக் கிணற்றில் கொட்டி வைத்தார்கள். ஏற்பாடு தலைவருடையது.

தங்கை மட்டும் லாரியை உள்ளே விடவில்லை.

"நாளைக்கு நிஜமாவே தண்ணி வேணும்னா எந்த மூஞ்சியோட போய்க் கேப்பீங்கண்ணே?" என்று வரப்பில் நின்றுகொண்டு கேட்டாள். தலைவர் பளாரென்று ஒன்று விட்டார்.

என்ஜினீயர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "முப்பத்தெட்டு கிணறு. முப்பத்தேழுல போதுமான தண்ணீர்னு இருக்கு. தண்ணி இருக்கற இடத்துக்குக் கால்வாய் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"

எலுமிச்சைத் தோட்டக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இப்ப வந்து அளந்து பாருங்க சார்," என்றார் தலைவர். "குடத்தை விட்டா குடம்தான் உடையும்."

"அளக்கலாம். ஆனா, அளந்தது தப்புன்னு அப்பவே ஆறு மாசத்துக்குள்ள யாராவது எழுதிக் குடுத்திருக்கணும். அதுதான் விதி."

மெக்கானிக் துள்ளிக் குதித்தார். "எழுதிச்சே சார் அந்தப் பொண்ணு! நம்ம தலைவரோட தங்கச்சி சார்!"

ஒரே நிமிஷத்தில் பொம்பளை பொண்ணாகி, வினை தங்கச்சியாகிவிட்டது.

"எழுதினாங்க. பதினஞ்சே நாள்ல வாபஸும் வாங்கிட்டாங்க."

என்ஜினீயர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, தலைவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தார். சாய்ந்த எழுத்து, பச்சை மை. 'எங்கள் பகுதியில் தண்ணீருக்குக் குறைவில்லை. பொறாமையால் பொய்ப் புகார் கொடுத்துவிட்டேன்.' அடியில் நீல மையில் தங்கையின் கோணல் கையெழுத்து.

தலைவரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. ஆபீசர் ஆகாவிட்டாலும் அவருக்கு எப்போதும் பச்சை மைதான்.

அன்று அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போடு. இல்லேன்னா அம்மா செத்தாக்கூட வாசப்படி மிதிக்காதே," என்று இவர்தான் தாளை நீட்டினார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாள். அவளே திருந்தி எழுதிக் கொடுத்ததாக ஊரில் சொன்னார். அதற்கப்புறமும் அவளோடு பேசவில்லை.

என்ஜினீயர் கோப்பின் மறைவிலேயே அந்தத் தாளுக்குப் பக்கத்தில் தலைவர் இன்று கொடுத்த மனுவை வைத்தார். அதே சாய்வு, அதே பச்சை. நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார்.

"இதை யாராவது மிரட்டி வாங்கியிருந்தா, வாங்கினவரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். வாபஸ் செல்லாது. பழைய புகாரை வச்சு நான் மறுபடி அளக்கச் சொல்லுவேன். கால்வாய் வந்துடும். கேஸு கீஸு எதுவும் கிடையாது."

"யாருன்னு சொல்லுங்க தலைவரே, கால்ல விழுந்தாவது எழுதி வாங்கிடறேன்," என்றார் எலுமிச்சைத் தோட்டக்காரர். அவர் குரல் உடைந்திருந்தது.

ஏழு முகமும் தலைவரையே பார்த்தன. நாலு தடவை போட்டியில்லாமல் அவரைத் தலைவராக்கிய முகங்கள். 'நான்தான்' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மென்று விழுங்கினார்.

"அவளா எழுதினதுதான் சார்."

என்ஜினீயர் இரண்டு தாளையும் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார்.

படியிறங்கும்போது மெக்கானிக் வாய்க்கு வந்தபடி திட்டினார். "வாபஸ் வாங்கி ஊரையே கவுத்துட்டாளே, பாவி!"

எலுமிச்சைத் தோட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உங்களுக்குப் போய் இப்படி ஒரு தங்கச்சி!"

"என்ன பண்றது," என்றார் தலைவர். "கூடப் பொறந்து தொலைச்சுட்டாளே."