தேமலுக்கு ஒரு ஷாம்பூ

லாஸ்பேட்டை கடைத்தெருவில் புருஷோத்தமனுக்கு 'டாக்டர்' என்றுதான் பெயர். உண்மையில் அவர் மருந்துக்கடைக்காரர். ஆனாலும் சளியோ சிரங்கோ, தெருவே முதலில் அவரிடம்தான் வந்து நிற்கும்.

அன்று வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரை ஓரம்கட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, கழுத்தில் சுற்றியிருந்த கர்ச்சீப்பை இறக்கினான். பிடரி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேமல்.

"இது சீக்கிரம் போவணும் சார். வெளியில தலைகாட்ட முடியல," என்றான்.

புருஷோத்தமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு நாள் முன்புதான் அடுத்த தெரு அஞ்சலாட்சியின் ஐந்து பவுன் சங்கிலியை ஸ்கூட்டரில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போயிருந்தான். தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க். ஆனால் அவன் பிடரியில் இருந்த தேமலை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். ஆயிரம் கழுத்தை வரிசையாக நிறுத்தினாலும் அதைக் காட்டிவிடுவேன் என்று இவர் கடை வாசலிலேயே நின்று அழுதிருந்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. போலீஸ் பார்க்கும்வரை இந்தத் தேமல் போகக் கூடாது.

பொடுகுக்கும் தேமலுக்கும் காரணம் ஒரே பூஞ்சைதான். அதைக் கொல்லும் ஷாம்பூவைத் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் கேட்கும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மருந்து இல்லை என்றால் பயல் வேறு கடைக்குப் போய்விடுவான். அதனால் ஷாம்பூவைக் கொடுத்தார், பக்குவத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்.

"ரொம்ப ஸ்ட்ராங்கு தம்பி. தடவுன கையோட கழுவிடணும். ஊற வுட்டா தோலு வெந்துரும்."

பயல் தலையாட்டிவிட்டுப் போனான். புருஷோத்தமன் ஸ்கூட்டர் நம்பரைக் குறித்துக்கொண்டு, இரவு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். தன் பெயரைச் சொல்லாமல் அவன் அடையாளம் முழுவதையும் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான்கு நாளில் முதல்முறையாகப் புருஷோத்தமன் வயிறாரச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் காலையில் பயல் மறுபடி வந்தான். உடம்பில் காக்கி, தலையில் சிவப்புத் தொப்பி. பக்கத்தில் அஞ்சலாட்சி.

அருள்முருகன் என்ற அந்தக் கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டேதான் பேசினான். சங்கிலி போன நாளிலிருந்து ஸ்டேஷனில் எல்லோரும் அவன் கழுத்தைத்தான் கேலி செய்கிறார்களாம். போதாக்குறைக்கு, அவன் ஸ்கூட்டர் நம்பரையே அவனிடம் போனில் ஒருவர் சொல்லியிருக்கிறார். குரலைக் கேட்டதுமே டாக்டர் என்று தெரிந்துவிட்டதாம். அஞ்சலாட்சியோ அவன் கழுத்தைப் பார்த்து, இது இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

புருஷோத்தமனும் சிரித்துவைத்தார். ஊர் நல்லதுக்குத்தான் சொன்னதாகச் சமாளித்தார்.

"அது சரி சார். ஆஸ்பத்திரியில கேட்டா அஞ்சு நிமிஷம் ஊற வுடணும்ங்கறாங்க. என் தேமலு போவக் கூடாதுன்னு யாருக்கு என்ன வேண்டுதல்னு யோசிச்சிட்டே வந்தேன்," என்றான் அருள்முருகன். "இன்னொரு பாட்டில் குடுங்க."

பாட்டில் மேல்தட்டில் இருந்தது. புருஷோத்தமன் திரும்பி, எக்கிக் கையை நீட்டினார். சட்டைக் காலர் பின்பக்கம் இறங்கியது.

"இதாம்பா அந்தக் கழுத்து," என்றாள் அஞ்சலாட்சி.

பதினான்கு நாளாகத் தினமும் ஐந்து நிமிடம் ஊறவிட்டுத்தான் புருஷோத்தமன் குளித்துவந்தார். பூஞ்சை செத்த பிறகும் தோலின் வெள்ளை மறைய மாதக்கணக்காகும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.