முட்டைக்கு வரும் பெட்டைகள்

தராசுத் தட்டின் மேலேயே சாக்கைக் கவிழ்த்தாள். மூன்று கோழிகள் விறைத்துப்போய் விழுந்தன.

"அடுத்த மாசமே முட்டைக்கு வந்துடும்னு சொல்லித்தானே குடுத்தீங்க அண்ணே? வந்திருக்கு. நிறுத்துப் பாருங்க."

கோழிக்கடைக்காரன் நிமிர்ந்தான். அவன் கையில் உயிர்க்கோழி ஒன்று தலைகீழாகச் சிறகடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள். குரலைத் தணித்துக்கொண்டான்.

"கடைக்குள்ள வந்து இதைக் கொட்டாதம்மா. தீனி சரியில்லன்னா கோழி சாகத்தான் செய்யும்."

தீனி என்ற சொல் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

தையல் கம்பெனி வேலையை விட்டபோது கைக்கு வந்த பணத்தில் கோழிக்குப் போனது கொஞ்சம்தான். கொட்டகைக்குத் தகரம், சுற்றிலும் கம்பிவலை, தண்ணீர்க் குழாய், தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மிச்சத்தைத் தீனி மூட்டை விழுங்கியது. வீட்டு மளிகையில் கைவைத்தாளே தவிர, கோழித் தீனியில் ஒரு பிடி குறைக்கவில்லை.

நூறு கோழிக்கு ஏழெட்டு முட்டை கிடைத்தால் அன்று நல்ல நாள். அதிலும் பாதி தோல்முட்டை. எடுக்கும்போதே விரல் பதியும். புது இடம், பழகட்டும் என்று பொறுத்தாள். கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து அவற்றிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

நேற்று கால்நடை டாக்டர் செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இளம்பெட்டையே இல்லையாம். ஏதோ பெரிய பண்ணையில் முட்டையிட்டு ஓய்ந்து, கறிக்குக் கழித்துவிட்ட கிழக்கோழி.

கடை ஓரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள். அவன் கையில் ஹெல்மெட். இருவரும் புதிதாகப் பண்ணை போடுகிறவர்கள். கூடை கூடையாகக் கோழி பொறுக்கி வைத்திருந்தார்கள். அவள் நேராகப் போய் அந்தக் கூடையிலிருந்து ஒன்றைத் தூக்கினாள்.

"கொண்டையைப் பாருங்க, எப்படி வெளுத்துக் கிடக்கு. இது முட்டையெல்லாம் போட்டு முடிச்ச கோழி. உங்க வீட்டுக்குத் தீனி தின்னத்தான் வருது."

"ஏய்!" கடைக்காரன் தராசைத் தள்ளிவிட்டு வந்தான். "என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடாத!"

"எனக்கு நீ அள்ளிப் போட்டது என்ன? பூவா?"

கூண்டுகளுக்குள் கோழிகள் விடாமல் கொக்கரித்தன.

அந்தப் பெண்டாட்டிக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வாங்கும்போதே நீங்க தூக்கிப் பார்த்திருக்கலாமேக்கா?"

இவள் கையிலிருந்த கோழியைத் திரும்பக் கூடைக்குள் விட்டாள். ஒரு கோழியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், எண்ணிக்கூடப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றிப் போனவள் இவள்.

புருஷன் பெண்டாட்டியின் தோளைத் தொட்டான். கூடைகளை அப்படியே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

அவளும் படியிறங்கினாள். செத்த கோழிகள் தராசிலேயே கிடக்கட்டும். விறுவிறுவென்று நடந்தாள். எதிரே வந்த சைக்கிள்காரன் ஒதுங்கி வழிவிட்டான்.

தெருமுனையில் பின்னாலிருந்து கையைப் பிடித்தான் கடைக்காரன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. முழங்கையெல்லாம் இறகு ஒட்டியிருந்தது. கடையில் கத்திய குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"பாப்பா, நில்லு. வேற கோழி தரேன். எல்லாமே தரேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அவள் கையை உதறிவிட்டு நடந்தாள்.

வெளியாள் ஏமாத்திடுவான், உன் அண்ணன் கடையிலேயே வாங்கு என்று அவளை அங்கே அனுப்பி வைத்ததே அம்மாதான்.