மூன்றாம் மாடி மூலை அறை

இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற இன்னாசிக்கு, எதிரே இருக்கும் அந்தப் பழைய நட்சத்திர ஓட்டலில் ஒரு நாள் தங்க மகள் அறை போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் மாடி மூலை அறைதான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். அந்த ஜன்னலிலிருந்துதான் தினமும் காலை பத்து மணி வாக்கில் யாரோ அவருக்குக் கை காட்டுவார்கள். அவரும் தூக்கிய பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் கை காட்டுவார். அதற்காக மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. "பெரிய எடத்து ஆளுங்க. ஆனா மரியாதை தெரிஞ்சவங்க," என்று மனைவி பிலோமியிடம் சொல்லாத நாளில்லை.

மறுநாள் காலை இருவரும் அந்த ஜன்னலில் நின்றார்கள். கிரேனின் கேபின் தீப்பெட்டி அளவில் கறுப்பாகத் தெரிந்தது.

"உள்ள ஆள் இருக்கிறதே தெரியலையேங்க," என்றாள் பிலோமி.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

பத்து மணிக்கு அறையைச் சுத்தம் செய்யும் பெண் வந்தாள். வெள்ளைத் துணியால் ஜன்னல் கண்ணாடியை இடமும் வலமுமாகத் துடைத்தாள்.

"தினம் துடைச்சாலும் உப்பு படிஞ்சிடுது சார்."

இன்னாசி அவள் கையையே பார்த்தார். பிலோமி அவரைப் பார்த்தாள்.

வெளியே, கிரேன் தூக்கிய பெட்டி அந்தரத்தில் நின்றது.

கண்ணாடி பளிச்சென்றாகிவிட்டது. அந்தப் பெண் துணியை மடிக்கப் போனாள்.

"இன்னும் கொஞ்சம் துடைம்மா," என்றார் இன்னாசி.